பதினோராவது ஆசிரியர்

வெளிநாட்டுப் பேராசிரியர்கள் என் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு நானும் பதில் போடுவதில்லை. ஆளுக்கு ஆயிரம் வேலை.

நூற்று நாற்பது பேருக்கு எழுதினேன். சுரபாயாவிலிருந்து வரும் எங்கள் குழந்தை மருத்துவ இதழுக்கு நான்தான் செயலாளர். நானும் குழந்தை மருத்துவன்தான். தரச்சான்று கொடுப்பவர்கள் வந்து பார்த்துவிட்டு, ஆசிரியர் குழுவில் எல்லாரும் இந்த ஊர்க்காரர்களாகவே இருக்கிறார்கள், அடுத்த முறைக்குள் பல நாட்டவரைச் சேர்க்காவிட்டால் சான்று போய்விடும் என்று சொல்லிப் போனார்கள். சான்று போனால் இதழ் போகும். இதழ் போனால் என் நாற்காலி போகும். நூற்று நாற்பதில் பதில் எழுதியவர் ஒருவர். தன் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

என் அப்பாவுக்கு சந்தையில் துணிக்கடை இருந்தது. சரக்குக் குறைந்த நாட்களில் காலிப் பெட்டிகளை மேல் தட்டில் அடுக்குவோம். நிறைந்த கடையைப் பார்த்தால்தான் ஆள் உள்ளே வருவான். வந்தவன் கீழ்த் தட்டில்தான் வாங்குவான், மேல் தட்டுப் பெட்டியை யாரும் இறக்கச் சொன்னதில்லை. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதனால் செத்தவர்களைச் சேர்த்தேன்.

செத்தவரைச் சேர்ப்பதில் ஒரு வசதி. என்னைக் கேட்காமல் ஏன் பெயர் போட்டாய் என்று சண்டைக்கு வரமாட்டார். பிற நாட்டு இதழ்களில் வரும் இரங்கல் குறிப்புகளை வரிசையாகப் படித்தேன். நல்ல பேராசிரியர்கள், நல்ல பல்கலைக்கழகங்கள். ஸ்வீடனில் எங்ஸ்ட்ரோம், அடுத்து சிலி, எகிப்து, துருக்கி என்று பத்துப் பேர் சேர்ந்தார்கள். கட்டுரைகளைச் சீர்பார்த்து அவர்கள் எழுத வேண்டிய குறிப்புகளை நானே எழுதினேன். உயிரோடு இருப்பவர்கள் எழுதுவதைவிட ஒழுங்காகவே எழுதினேன்.

எங்கள் முதன்மை ஆசிரியர் டாக்டர் விஜனார்கோ எதையும் தோண்டிக் கேட்கும் ஆள் இல்லை.

"எத்தனை நாடு தேறுச்சு, சஸோங்கோ?"

"பத்து ஐயா."

"அடேயப்பா, கல்யாணத்துக்குக்கூட எனக்கு இத்தனை பேர் வரல. எல்லாரும் ரொம்ப அமைதியான ஆளுங்களா இருக்காங்களே. ஒருத்தர்கூட படி கேக்கல, பாராட்டு கேக்கல."

"பெரிய மனுஷங்க ஐயா."

"இன்னும் ஒண்ணு சேத்துக்க. பத்துன்னா எண்ணி வச்ச மாதிரி இருக்கு."

அந்தப் பதினோராவது பெயரில்தான் தப்பு நடந்தது. போர்த்துகல் நாட்டுப் பழைய இதழ் ஒன்றில் பேராசிரியர் சல்வதேரா என்பவரைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்ட படம். மொழி தெரியாது, கணினியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தேன். மாணவர்கள் எழுதியிருந்தார்கள். மகான், வழிகாட்டி, தந்தைக்கு நிகரானவர். பன்னிரண்டு பக்கத்தில் ஒரு குத்தல் இல்லை, ஒரு 'ஆனாலும்' இல்லை. எங்கள் ஊரில் உயிரோடிருக்கும் டாக்டரைப் பற்றி இன்னொரு டாக்டர் இப்படி எழுதமாட்டார், ஐயா. செத்தால்தான் எழுதுவார், அதுவும் நாற்பது நாள் கழித்து. மேற்கொண்டு விசாரிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் ஓய்வு பெற்றதற்காக மாணவர்கள் போட்ட சிறப்பிதழ் அது.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது.

அன்றிலிருந்து பயம்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் கடிதம் வந்த சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவேன். சோறு இறங்காது. குழந்தையின் மார்பில் குழாயை வைத்தால் என் நெஞ்சுத் துடிப்புதான் காதில் கேட்கும். விஷயம் வெளியே வந்தால் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே என் பெயரை அடிப்பார்கள். நாற்பத்தெட்டு வயதில் நான் துணிக்கடைக்குப் போக முடியாது, கடையும் இப்போது இல்லை.

இத்தனைக்கும் கடிதத்தில் கோபமே இல்லை. 'என் பெயரைத் தேடிப் பார்த்தபோது உங்கள் குழுவில் நான் இருப்பதைக் கண்டேன். சமீப காலமாக எனக்கு மறதி. எப்போது ஒப்புக்கொண்டேன் என்று நினைவில்லை, மன்னிக்கவும். ஆஸ்திரேலியாவில் மகளைப் பார்க்கப் போகிறேன், வழியில் இரண்டு நாள் அங்கே தங்குகிறேன். வேலை ஏதாவது கொடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

வந்தார். எண்பது வயது, ஒல்லியான உடம்பு, அந்த வெயிலிலும் கோட்டு. விஜனார்கோ ஐயா அன்று ஜகார்த்தாவில் இருந்தார். நான் நீட்டிய ஒப்புதல் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, கோட்டின் உள்பையைத் தட்டிக் காட்டினார்.

"இதுல ஊசி இருக்கு, டாக்டர். இறால் என் நாக்குல பட்டா தொண்டை அடைச்சிடும். பொறந்தது கடற்கரை ஊர், பாருங்க. சண்டை வந்தா என் பொண்டாட்டி, 'இதோ மீன் கடைக்குப் போயிட்டு வரேன்'னு மிரட்டுவா."

சிரித்தோம். நல்ல மனிதர், ஐயா. அதை நான் எங்கும் சொல்வேன்.

பிறகு சுவரில் மாட்டியிருந்த குழுப் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். இரண்டாவது பெயரில் விரல் நின்றது.

"எங்ஸ்ட்ரோமா? இவனைப் புதைக்கறப்ப நான் பக்கத்துல நின்னேனே. பொட்டியைத் தூக்கினதுகூட ஞாபகம் இருக்கு."

சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"இல்ல, அதையும் நான்தான் குழப்பிக்கறேனோ? என் மண்டை அப்படி ஆயிடுச்சு, டாக்டர். சரி, நாளைக்கு சாயங்காலம் அவன் மனைவிக்குப் போன் பண்ணிக் கேட்டுடறேன்."

அந்த இரவு எப்படிக் கழிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் மதியம் அவரைச் சாப்பிடக் கூட்டிப் போனேன். அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன். "இந்த வெயில்ல கோட்டு எதுக்குங்க, வண்டியிலயே கெடக்கட்டும்" என்றேன். கழற்றி, மடித்து, இருக்கையில் வைத்தார்.

கஸியாத்தி அக்காவின் கடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ருஜாக் வாங்கினேன். காயும் பழமும் மாட்டு மூக்குச் சதையும் நறுக்கிப் போட்டு, மேலே பெத்திஸ் கலந்து அரைத்த கறுப்புக் கூழை ஊற்றுவார்களே, அதுதான். பெத்திஸ் என்பது இறாலைக் காய்ச்சி வற்றவைத்தது. பார்த்தால் வெல்லப்பாகு போலத்தான் இருக்கும்.

"அக்கா, கறுப்பைத் தாராளமா விடுங்க. விருந்தாளி."

"வெள்ளைக்காரருக்கு ஆகுமா தம்பி? போன மாசம் ஒருத்தர் இதைத் தின்னுட்டு மொகமெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

"இவர் டாக்டர் அக்கா."

"டாக்டர்னா வயிறு வேறயா இருக்குமா? மொதல்ல அவரைக் கேளு."

அவருக்கு எங்கள் மொழி தெரியாது. புன்னகையோடு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தட்டைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"சோயா, பனைவெல்லம்" என்றேன். அதில் வெல்லம் இருப்பது உண்மை.

நாலு வாய் சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்றார். அடுத்து உதட்டைத் தடவிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் குழந்தை மருத்துவர், நானும் குழந்தை மருத்துவன். விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை. பேச்சு வரவில்லை, விரலால் நெஞ்சில் கோட்டுப் பை இருக்கும் இடத்தைத் தட்டினார். "இதோ எடுத்துட்டு வரேன்" என்று நான் ஓடினேன். கடையில் இருந்த எல்லாரும் நான் ஓடியதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள்.

ஊசி கோட்டில்தான் இருந்தது. பிறகு நீங்கள் என் மேசை இழுப்பறையில் கண்டெடுத்தது அதைத்தான். நான் மறுக்கவில்லை.

போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம். ஆனால் நான் கோட்டோடு திரும்ப வந்தது பதினைந்து நிமிடம் கழித்து என்று கஸியாத்தி அக்கா சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒன்பது நிமிடம் நான் வண்டிக்குள் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையும் காலும் நடுங்கின. பயம் வந்தால் மனிதன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது, ஐயா. அதனால்தான் சொல்கிறேன், இது பயத்தில் நடந்தது. கொலை என்று எழுதாதீர்கள், பயம் என்று எழுதுங்கள்.

நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது நிமிடத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. மீதி ஐந்து நிமிடம் எனக்குப் பயமே இல்லை, அந்தக் கடிதம் வந்ததிலிருந்து முதல்முறையாக நன்றாகப் பசித்தது.