ஒன்பது வயது மொழிபெயர்ப்பாளர்

நோர்வேயில், அம்மருட் என்ற புறநகருக்குப் போகும் மெட்ரோவில் என் முன்னிருக்கையில் ஒரு தகப்பனும் மகளும். தமிழ் கேட்டால் என் காது சும்மா இருக்காது.

“என்ரை மாஸ்டர் பட்டத்துக்கான ஆய்வு, சமூக உதவி அலுவலகங்களிலை தாய்தகப்பனுக்கு மொழிபெயர்க்கிற பிள்ளையளைப் பற்றினது அப்பா. நோர்வே, ஜேர்மனி, டென்மார்க் மூண்டையும் ஒப்பிடுறன்.”

“எந்த நாட்டுப் பிள்ளையள் உள்ளதைச் சொல்லுதுகள்?”

“எல்லா இடத்திலையும் பாதியை மறைக்குதுகள்.”

“நீயும்தானே.”

மகள் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு அப்ப ஒன்பது வயசு. உங்கடை முதுகு இனிச் சரிவராது, வேலைக்குப் போகேலாதெண்டு அந்த அலுவலகத்து மனுசி சொன்னவ. நான், கெதியாச் சுகம் வருமாம் எண்டு சொன்னனான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அந்த மனுசியின்ரை முகத்தைப் பாத்தனான்.”

“அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“கேட்டிருந்தா, நீ உன்ரை வாயாலை அதைச் சொல்லவேண்டி வந்திருக்கும்.”