கால் நொடித் தாமதம்

உலகெங்கும் உள்ள இசைப் பெருமக்களுக்கு இதன்மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில்: வீட்டில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைக்க நான்கு சாமான் போதும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டையும் இணைக்கிற சின்னப் பெட்டி, காதுக்கு ஹெட்போன். மற்றதெல்லாம் கடைக்காரரின் ஆசை.

திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவுக்கு இருபத்திரண்டு வருடமாக ஞானதாஸ் சார்தான் முதல் குரல். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தும்மினாலும் சுருதி விலகாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அதே இருபத்திரண்டு வருடமாக அவர் முதுகுக்குப் பின்னால் நின்று 'ஆமென்' போட்டவன் நான். தவக்காலப் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்ய முடிவெடுத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தொண்டைய ஆண்டவர் குடுத்துட்டாரு. சாமான மட்டும் நீ பாத்து வாங்கிருப்பா, சிலுவைமுத்து."

பொறுப்பாகத்தான் வாங்கினேன். லாரி ஹாரன் எட்டாத பின்னறையில் மெத்தையைச் சுவரோடு நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். பிறகு கம்ப்யூட்டரில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினேன். பாடுகிறவரின் குரல் அவர் காதுக்கே கால் நொடி தாமதமாகப் போய்ச் சேரும். தன் குரலே பின்னால் துரத்திக்கொண்டு வந்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் நாக்கு பின்னிக்கொள்ளும்.

சார் மூன்றாவது வரியில் குழறினார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே சிலுவை, எனக்கு என்னமோ ஆயிருச்சுடா."

"வயசாகுதுல்ல சார். செத்த நேரம் உக்காருங்க."

கழற்றியதும் நன்றாகத்தான் பேசினார். பயத்தில் அதை அவர் கவனிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

பத்து நாள் முயன்றார். மகள் ஏஞ்சலின் பயந்துபோய் அவரை மதுரைக்கு மூளை டாக்டரிடம் அழைத்துப்போனாள். துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் ஸ்கேன் படத்தை மடங்காமல் மடியில் வைத்திருந்தது நான்தான். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். வெளியில் சொல்ல முடியாத ஏதோ இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறார் என்று சார் முடிவு கட்டினார். பாடுவதை விட்டார். போகப்போகப் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். சாம்பல் புதனன்று என் தலையில் கை வைத்து, கண் கலங்கி, முதல் குரலை என்னிடம் ஒப்படைத்தார்.

துரோகம் என்பீர்கள். குழுவின் நன்மைக்குத்தான் செய்தேன். ஒரு திறமை எத்தனை காலம்தான் இரண்டாம் வரிசையில் நிற்கும்?

செட்டிங்கைப் பழையபடி மாற்றிவிட்டு, எட்டுப் பாட்டையும் அதே அறையில் நானே பாடிப் பதிந்தேன். முதல் பாட்டை ஏஞ்சலினுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

"மைக்குல எதும் கோளாறா, அங்கிள்?"

மைக் நன்றாகத்தான் இருந்தது.