லூர்தக்கா விட்டது

காரிமங்கலத்தில் பஸ் ஏறி தருமபுரி போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். பக்கத்துப் பக்கத்து வீடு என்று பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று கேட்டாள்:

“ஏக்கா லூர்தக்கா, ஒரு மாசமா என்னய ஒரு வார்த்த கூட திட்டலியே, எம்மேல என்ன கோவம்?”

நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“கோவமெல்லாம் இல்ல சாந்தி.”

“பொய் சொல்லாதக்கா. என் கோழி உன் தக்காளி நாத்தெல்லாம் கெளறிப் போட்டுச்சு. நீ என்னடான்னா அதப் புடிச்சாந்து எங்க வூட்டுல வுட்டுட்டு, சிரிச்சிட்டுப் போற. எனக்குச் சோறே எறங்கல.”

“எங்களுக்குத் தவக்காலம் புள்ள. ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாளு, நமக்கு ரொம்பப் புடிச்சது ஏதாச்சும் ஒண்ண ஆண்டவருக்காக வுட்டுடணும்.”

“கறியத்தான வுடுவீங்க?”

“கறிய எல்லாருந்தான் வுடறாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது எதுன்னு ரோசன பண்ணிப் பாத்தேன். உங்கூட சண்ட போடறதுதான்.”

சாந்தி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“உனக்கு பயந்துகிட்டு அன்னியிலருந்து கோழியக் கட்டியே போட்டிருக்கேன்க்கா. ஈஸ்டர் என்னிக்கி?”

“வர்ற ஞாயித்துக்கெழம.”

“அப்ப திங்கக்கெழம காலையில அவுத்து வுடறேன்.”

“வுட்டுத்தான் பாரேன், உன்ன…” என்று ஆரம்பித்த லூர்தக்கா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.