சாக்ஸுக்குள் ஒரு ஆப்பிள்

— கல்லறை மேல யாராவது சாக்ஸ் வைப்பாங்களாக்கா?

— உள்ள ஆப்பிள் இருக்கு தம்பி. கல்லறைத் திருநாளும் அதுவுமா சத்தம் போடாதீங்க. நீங்க யாரு?

— டெர்வின். தூத்துக்குடில இருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்திருக்கேன். நீங்க வெள்ளையடிச்சு வச்சிருக்கீயளே, அது எங்கப்பா கல்லறை.

— அரே! இதுல பேரே இல்லியே?

— மரச் சிலுவை மக்கிப் போயிருக்கும். அப்பா போனதும் என்னைக் கைக்குழந்தையாத் தூக்கிட்டு ஊருக்கு வந்த அம்மா திரும்பவே இல்ல. மதிலுக்கும் பாதாம் மரத்துக்கும் நடுவுலன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம். நீங்க யாருக்கு மெழுகுவத்தி ஏத்துதீய?

— எங்க ஜெபராஜ் அண்ணனுக்கு. மிலிட்டரி. எழுபத்தொண்ணு சண்டையில ஆத்தைக் கடக்கையில படகு மேல குண்டு விழுந்துச்சு. உடம்பு கிடைக்கல; இங்க ஜங்லிகாட்டுல எங்க வீட்டுக்கு வந்து சேந்தது அவன் டிரங்க் பெட்டிதான்.

— அதுக்கு எங்கப்பா மேல ஏன்க்கா?

— எங்கம்மாதான் சொன்னா. 'செல்வம்மா, கேக்க ஆளில்லாத கல்லறை ஒண்ணப் பாத்து எடுத்துக்கோ. நாம இங்க ஒருத்தரக் கவனிச்சா, அங்க யாராச்சும் நம்ம புள்ளையக் கவனிப்பாங்க'ன்னு.

— சாக்ஸ்?

— அவன் லீவுல வர்றப்போ, கப்பல் ஹாடோ ஜெட்டியத் தொடுறதுக்கு முன்னாடியே மேல் டெக்குல நின்னு விசிலடிப்பான். மிலிட்டரி சாக்ஸுக்குள்ள எனக்கு மெயின்லேண்ட் ஆப்பிள். அதுல ஒரே சாக்ஸ் நாத்தம்! மூக்கைப் பிடிச்சுக்கிட்டே தின்னுருவேன்.

— எங்கப்பாவுக்கு முன்பல்லே கிடையாதாம்க்கா. வருஷா வருஷம் ஆப்பிளப் பாத்து என்ன பாடு பட்டாரோ.

— அச்சா ஆத்மி, நல்ல மனுஷன். ஒரு தடவைகூட வேண்டாம்னு சொல்லல.

— அக்கா... நான் அப்பாவக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். அம்மா போன வருஷம் தவறிட்டா. அவரு எலும்ப எடுத்துட்டு வந்து தன் பக்கத்துல வைக்கணும்னு சத்தியம் வாங்கிட்டா. ஃபாதர்கிட்ட, ஆபீஸ்ல எல்லாம் பேசியாச்சு. நாளைக்குத் தோண்டுதாங்க.

— நாளைக்கா?

— எடுத்ததும் மண்ணத் தள்ளி மூடிருவாங்க. அழாதீயக்கா. நடுவுல பெரிய சிலுவை இருக்குல்லா, கல்லறை இல்லாதவங்களுக்கு அங்கதான ஏத்துதாங்க?

— அந்தக் கும்பல்ல அவன எங்க போய்த் தேடுவேன்? இந்தத் தலைமாட்டுல உக்காந்து எவ்வளவு பேசியிருக்கேன்... ஏ தம்பி.

— சொல்லுங்கக்கா.

— அப்பாவ நல்லபடியாக் கூட்டிட்டுப் போங்க. அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க. ஆனா எடம் உங்களுது. எங்க அண்ணனுக்குப் புதைக்க ஒரு எலும்புகூடக் கிடையாது. ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி, அந்தக் காலிக் குழிய எங்க ஜெபராஜுக்குக் குடுத்துட்டுப் போறீங்களா?