கழிமுகத்துக்கு நாற்பத்தொரு பிள்ளைகள்

இருந்தவர்கள்:
டீச்சர் – ஆறாம் வகுப்பு ஆசிரியை. போன வருஷமும் பிள்ளைகளைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போனவர்.
மாஸ்டர் – விளையாட்டு ஆசிரியர். துணைக்குப் போனவர்.
சாவியண்ணன் – பள்ளி உதவியாளர். தண்ணீர்க் கேன் தூக்கப் போனவர். எல்லா அறைச் சாவியும் இவரிடம்தான்.

டீச்சர்: …பதினொண்ணரைக்குத் தண்ணி ஏற ஆரம்பிச்சிடும். அப்ப பத்தே முக்காலுக்குள்ள எல்லாரும் சேத்த விட்டு மேல வந்துடணும்.

மாஸ்டர்: நேத்தும் இதத்தான் சொன்னீங்க.

டீச்சர்: பத்தரைன்னு போட்டுக்குங்க.

மாஸ்டர்: பேசாம எட்டு மணிக்கே திரும்பிடலாம். பறவை முழிக்கறதுக்குள்ள நாம வீட்டுல இருக்கலாம்.

டீச்சர்: சிரிக்காதீங்க மாஸ்டர்.

சாவியண்ணன்: டீச்சர்… நேரமாச்சு. இந்த ரூம், ஹெச்.எம். ரூம் ரெண்டும்தான் பூட்டப் பாக்கி.

மாஸ்டர்: இருங்கண்ணே. காலைல ஹெச்.எம். மேசைல திட்டம் இருக்கணும். இவங்க ஒரு வரி எழுதறாங்க, ரெண்டு வரி அடிக்கறாங்க.

டீச்சர்: அங்க கழிப்பறை ஒண்ணே ஒண்ணு. இந்த வருஷமும் நாப்பத்தொரு பேர்.

மாஸ்டர்: போன வருஷமும் ஒண்ணுதான்.

டீச்சர்: கயித்துப் பாலத்துல ஒரு பலகை ஆடுது.

மாஸ்டர்: மாத்திட்டாங்க. போன் பண்ணிக் கேட்டேன்.

டீச்சர்: மழை வந்தா?

மாஸ்டர்: நனைவோம். டீச்சர்… உங்களுக்குப் போக இஷ்டமில்ல. அத நேராச் சொல்லுங்க.

டீச்சர்: போன வருஷம் ஒரு பொண்ண அங்கயே விட்டுட்டுக் கெளம்பினோமே.

மாஸ்டர்: அந்தப் பொண்ணே மறந்துடுச்சு. இப்ப பாத்தாலும் உள்ளான் குருவி காலுக்குப் பக்கத்துல வந்து மேஞ்ச கதையத்தான் சொல்லுது.

டீச்சர்: முட்டி வரைக்கும் தண்ணி, மாஸ்டர். தனியா. நாம மெயின் ரோடு வரைக்கும் போயிட்டோம். ‘இந்தப் பை யாரோடது’ன்னு ஒரு பொடிசு கேக்கலன்னா…

மாஸ்டர்: கேட்டுச்சுல்ல. திரும்பினோம்ல. நான்தான தூக்கிட்டு வந்தேன்.

டீச்சர்: ரெண்டு தடவ எண்ணினேன். பஸ் படியில நின்னு, ஒவ்வொரு தோளையும் தொட்டு. ரெண்டு தடவையும் நாப்பத்தொண்ணு.

மாஸ்டர்: ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி. எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். எவனோ ரெண்டு தடவ ஏறியிருப்பான். வால் பசங்க.

டீச்சர்: கேட்டேன். ஒருத்தரும் ஏறலையாம்.

மாஸ்டர்: ஏறினேன்னு எவன் ஒத்துக்குவான்? என்னண்ணே, நீங்களும் அங்கதான நின்னீங்க. சொல்லுங்க.

சாவியண்ணன்: நான்… கேன ஏத்திட்டு இருந்தேன் மாஸ்டர்.

டீச்சர்: இப்ப வீட்டுல தட்டு கழுவினா எண்றேன். கேஸ மூடிட்டு மூணு தடவ போய்ப் பாக்கறேன். வகுப்புல வருகை எடுத்தா, முடிச்சிட்டு மறுபடி மொதல்லேர்ந்து. பிள்ளைங்க சிரிக்குது.

மாஸ்டர்: சிரிச்சா சிரிக்கட்டும். இந்த வருஷம் ரெண்டு பேரும் எண்ணுவோம். எனக்கு பஸ் போயிடும்… திட்டத்த முடிச்சு வச்சிடுங்க. என்ன?

டீச்சர்: ம்.

மாஸ்டர்: ‘ம்’முனா வைக்கறேன்னு அர்த்தமா?

டீச்சர்: வைக்கறேன். கெளம்புங்க.

சாவியண்ணன்: …போயிட்டாரு. குடுங்க டீச்சர், நானே வச்சிடறேன்.

டீச்சர்: திட்டம் இல்லண்ணே. இந்தக் கவர வைங்க.

சாவியண்ணன்: என்ன இது?

டீச்சர்: கழிமுகத்துக்கு வேற யாராவது கூட்டிப்போகட்டும். ஆறாம் வகுப்பும் எனக்கு வேணாம். பிள்ளைங்க இல்லாத வேலை எதாவது… லைப்ரரி, ஸ்டோர், எதுனாலும் சரின்னு எழுதியிருக்கேன்.

சாவியண்ணன்: பதினாறு வருஷமா வகுப்பு எடுக்கறீங்க.

டீச்சர்: நாப்பத்தொரு பேர எண்ணத் தெரியல. அப்புறம் என்ன பதினாறு.

சாவியண்ணன்: ஒரு நாள் யோசிச்சு…

டீச்சர்: ஒரு வருஷம் யோசிச்சிட்டேன். வைங்கண்ணே. நான் வச்சா மறுபடி எடுத்துடுவேன்.

சாவியண்ணன்: …சரி. நீங்க போங்க. இருட்டப்போகுது.

டீச்சர்: வச்சிட்டீங்கன்னு தெரிஞ்சாதான் போவேன். இங்கயே நிக்கறேன்.

சாவியண்ணன்: நில்லுங்க.

டீச்சர்: அண்ணே… அண்ணே. ஒரு கவர் வைக்க இவ்வளவு நேரமா? உள்ள என்ன பண்றீங்க?

சாவியண்ணன்: பேனா எழுதல. உதறி உதறி எழுதவேண்டியதாப் போச்சு.

டீச்சர்: நீங்க என்ன எழுதினீங்க?

சாவியண்ணன்: கொஞ்சம் தள்ளிக்குங்க, சாத்தணும்… ம். பூட்டியாச்சு.

டீச்சர்: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க… ஏண்ணே, சாவிய ஏன் கதவுக்கடியில தள்றீங்க?

சாவியண்ணன்: ஹெச்.எம். கிட்ட இன்னொண்ணு இருக்கு. இது என் கையில இருந்தா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள திரும்பி வந்து நான் எழுதினத எடுத்துக் கிழிச்சிடுவேன். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல டீச்சர்.

டீச்சர்: எதுக்கு இப்ப அந்தப் பேச்சு? நேராச் சொல்லுங்க.

சாவியண்ணன்: நீங்க சரியாத்தான் எண்ணினீங்க. என் சின்னப் பொண்ணு, நம்ம பள்ளிக்கூடம் இல்ல, உங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு அவளுக்கு லீவு, வீட்டுல விட ஆளில்ல. ஸ்டோர்லேர்ந்து ஒரு ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் எடுத்து மாட்டி, காலைல நீங்க எண்ணி முடிச்சதும் பின் படியில ஏத்திட்டேன். திரும்பும்போது முன்னாடி வழியா எல்லாரோடயும் ஏறிட்டா. நீங்க அவ தோளையும் தொட்டு எண்ணினீங்க, நான் கேன பிடிச்சிக்கிட்டு பாத்துக்கிட்டே நின்னேன். அந்தப் பொண்ணத் தூக்கிட்டு வந்து ஏத்தினப்புறம் யாரும் எண்ணல… எண்ணியிருந்தா நாப்பத்திரெண்டு.