கிராணி வீட்டு வாசப்படி

...நானூறு பக்கம்ணே! ஒரு குடும்பத்துக் கதைக்கு நானூறு பக்கமா? கழுத்து வலியே வந்துருச்சு. கடைசி அத்தியாயம் இன்னும் பாக்கி. எல்லாம் எம்மக லோஷினி வேல. "அப்பா, வசந்தனோட அப்பா காஹாங்லேருந்து பொண்ணு கேட்டு வராரு, அதுக்குள்ள இத படிச்சு முடிங்க"ன்னா. பொண்ணு கேக்குறதுக்கும் நாவலுக்கும் என்னண்ணே ஒட்டு? ஒக்காருங்க, ஒக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு காலு லேசா ஆடும், வேற ஒண்ணுமில்ல. போர்ச்சுல நல்லா காத்து வரும்.

கதை என்னன்னா... கித்தா எஸ்டேட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, ஒரு கிராணி. ஆபீஸ்ல கணக்கெழுதுறவன். அவன் மகளயும் மரம் வெட்டிப் பாலெடுக்குறவரு மகனயும் முடிச்சுப் போடலாமான்னு பையனோட அப்பா பேச வராரு. இந்தக் கிராணி என்ன பண்றான்? அவர வாசப்படியிலயே நிக்க வச்சு, மழ, ஒரம், மாட்டுக் கொட்டான்னு பேசுறான்! வந்த விசயத்த தவிர மத்ததெல்லாம்! அலமாக்... என்ன ஜென்மம்ணே அவன்? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு!

நல்லாத்தான் எழுதிருக்காங்க, இல்லேங்கல. கிராணி பொண்டாட்டி அடுப்படியில நின்னு ஒட்டுக் கேக்குற எடம் இருக்கே... கண்ணு கலங்கிருச்சு. ஆனா ஏழைன்னா எல்லாரும் தங்கமாம்லா! நான் எஸ்டேட்டு லயத்து வீட்டுல பொறந்தவன்ணே. கொழாயடியில எங்கம்மாவும் பக்கத்து வீட்டு செல்லமும் முடியப் புடிச்சுக்கிட்டத எந்த நாவல்ல எழுதுனாங்க? கிராணி மேல மட்டும் என்ன காண்டு? அவனும் ஒழச்சு மேல வந்தவன்தான். என்ன மாதிரி. பகல்ல பேக்டரி, ராத்திரி ஸ்கூலு. இப்ப ஸ்டோர் சூப்பர்வைசர், பெர்மாஸ் ஜெயாவுல சொந்த வீடு. பொண்ணக் குடுக்குறவன் நாலையும் யோசிக்க மாட்டானா?

மைலோ ஆறுது பாருங்க... ஓ, பேச்சு முடியாம கை நனைக்கக் கூடாதோ? பழைய வழக்கம்ணே அதெல்லாம்! சும்மா குடிங்க.

உள்ளயா? உள்ள வேணாம்ணே... புது சோபா, மேல பிளாஸ்டிக்கே இன்னும் பிரிக்கல. சலவ சட்டதான் போட்டிருக்கீங்க, தெரியுது... இருந்தாலும் செம்பனைக் கொல ஏத்துற லோரி ஓட்டுறவங்க, எண்ணெக் கற எங்க ஒட்டிருக்கும்னு யாரு கண்டா?

ஏண்ணே எந்திரிச்சிட்டீங்க? நான் நாவலப் பத்திதான பேசிக்கிட்டு இருக்கேன்! உங்க பையனப் பத்தி ஒரு வார்த்த சொன்னேனா? ...ஆமா, அதான் நானும் சொல்றேன், ஒரு வார்த்த கூட சொல்லலயே!

அண்ணே... கொண்டாந்த வெத்தல பாக்குத் தட்ட எதுக்குத் திருப்பித் தூக்குறீங்க... அண்ணே!

லோஷினி, நீ ஏம்மா செருப்பு மாட்டுற? அவருக்குக் கேட்டு தொறந்து விடவா? சரி... பேக்கு எதுக்கு? ஏய்... ஏம்மா! கடைசி அத்தியாயம் நான் இன்னும் படிக்கலம்மா... அந்தக் கிராணி மக என்ன பண்ணான்னாவது சொல்லிட்டுப் போ!