ஐந்தாவது சாய்கால்

ஒரு சின்ன எண்ணிக்கைக் குழப்பத்தில்தான் இது தொடங்கியது. நான் வரைந்த படத்தில் அந்த மர வீட்டின் அடியில் இடப்பக்கம் நான்கு சாய்கால்கள், வலப்பக்கம் நான்கு. யாரோ ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த புகைப்படத்தில் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஐந்து. வீடு ஒன்றுதான். ஒரே வீட்டைப் பற்றி எட்டும் ஒன்பதும் ஒருசேரச் சரியாக இருப்பது எப்படி? ஒரு வாரம் யோசித்தேன். விடை கிடைக்கவில்லை.

இந்த விசாரணைக்கு நீங்கள் என்னை அழைத்தது நிபுணராக. அண்மை நிலநடுக்கத்தில் அந்தத் தெரு வரிசையில் ஒரே ஒரு வீடு மட்டும் ஏன் விழுந்தது என்று கேட்டீர்கள். உங்கள் வரைவு அறிக்கையைப் படித்தேன். பழைய மரம், உளுத்த மரம், ஆகவே விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற வீடுகளையும் இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்று கடைசிப் பக்கத்தில் பரிந்துரை வேறு. தவறான விளக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் பேசுகிறேன், வேறு காரணம் இல்லை. அந்தச் சிகரெட் பெட்டியை இப்படிக் கொடுங்கள்.

இந்த மேசைதான் நிலம். நிறுத்திவைத்த சிகரெட்டுகள் நேர்கால்கள். வீட்டின் எடையைச் சுமப்பது அவற்றின் வேலை. எதையும் மண்ணில் புதைப்பதில்லை. ஒவ்வொரு காலும் ஒரு தட்டைக் கல்லின்மேல் சும்மா நிற்கிறது. மேலே பெட்டியை வைக்கிறேன். அது வீடு. இப்போது மேசையை லேசாகத் தட்டுங்கள். விழுந்துவிட்டது பாருங்கள். நேர்கால்கள் மட்டும் இருந்தால் இதுதான் நடக்கும். ஆகவே நியாஸ் தீவின் தெற்கே வீடு கட்டியவர்கள் நேர்கால்களுக்கு நடுவே பருத்த மரங்களைச் சாய்த்து நிறுத்தினார்கள். அவை நழுவாமலிருக்க மேலே பாறைகளை ஏற்றினார்கள். நிலம் பக்கவாட்டில் அசையும்போது வீடு ஆடும். சாய்கால்கள் அதைத் திரும்பத் தன் இடத்துக்குக் கொண்டுவரும். தொட்டில்போல ஆடி, தொட்டில்போல நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் வந்த பெரிய நிலநடுக்கத்தில் என் சொந்த ஊரான குனுங்சிதோலியில் கான்கிரீட் மாடிகள் நொறுங்கிக் கிடந்தன. இந்த வீடுகள் நின்றன.

இன்னொன்றும் உண்டு. தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. நெரிசலான பேருந்தில் நடுவில் நிற்பவர் விழுவதில்லை, சுற்றியிருப்பவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். ஓரத்தில் நிற்பவனுக்குச் சாய்ந்துகொள்ள ஆள் கிடையாது. அவன் என்ன செய்வான்? ஒரு காலை அகட்டி ஊன்றிக்கொள்வான். விழுந்தது செர்லின் என்ற பள்ளிச் சிறுமியின் வீடு, வரிசையின் கடைசி வீடு. அதன் வலப்பக்கம் வீடு கிடையாது. கல் படிக்கட்டு கீழே இறங்குகிறது. அதைக் கட்டியவன் அந்தப் பக்கத்தில் ஒரு காலை அகட்டி வைத்தான். ஐந்தாவது சாய்கால் அதுதான். எவ்வளவு அழகான யோசனை என்று பாருங்கள்.

இந்த அழகை நான் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். அந்த ஆண்டு இளம் கட்டடக் கலைஞர்களுக்கான பயண ஆய்வு நல்கை எனக்குக் கிடைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளை அளந்து வரைய வேண்டும். செர்லின் வீட்டின் இடப்பாதியை அளந்தேன். அப்புறம் ஓயாத மழை. நான் கடற்கரை விடுதியில் தங்கியிருந்தேன், அங்கே மின்விசிறி இருந்தது. மலையேறி வர மனம் வரவில்லை. டிரேஸிங் தாளை நடுவில் மடித்து, இடப்பாதியை வலப்பக்கம் நகலெடுத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. வீடு என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே இருக்கும்? அந்த மடிப்பு மூலப்படத்தில் இன்றும் தெரிகிறது. பார்ப்பவர்கள் அதை மைய அச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

படம் நன்றாக அமைந்துவிட்டது. நல்கை வழங்கும் அறக்கட்டளை அதையே தன் சின்னமாக்கிக்கொண்டது. இந்த நாட்டில் கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகள் முதலாண்டிலேயே அதைப் பார்த்து வரைகிறார்கள். நான் மேடானில் பேராசிரியர் ஆனேன், பிறகு தேர்வுக்குழுத் தலைவர் ஆனேன். நல்கை பெறுபவர் தான் வரையும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற விதியை எழுதியது நான்தான். நல்ல விதி.

இந்த ஆண்டு நல்கை பெற்றவள் லாராஸ் விதியாஸ்துதி. ஜாவாக்காரி, இருபத்தெட்டு வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். பழைய நல்கையாளர்கள் வரைந்த வீடுகளையெல்லாம் லேசர் கருவியால் மறுபடி அளந்து, பழைய படத்தோடு பொருத்திப் பார்ப்பது அவள் திட்டம். நானே தேர்ந்தெடுத்தேன். முதலில் எந்த வீடு என்று குழுவில் கேட்டபோது, "பாக் எலியாசர் வரைஞ்ச வீடுதான், வேற எது?" என்றாள், ஐயா என்பதுபோல் 'பாக்' சேர்த்து என் பெயரைச் சொல்லி. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் என் அறைக்கு வந்து கைபேசியை நீட்டினாள்.

"பாக், கோச்சுக்காதீங்க. ஒரு சின்னக் குழப்பம். இந்த ஃபோட்டோல வலது பக்கம் அஞ்சு கால் தெரியுது. உங்க படத்துல நாலுதான் இருக்கு."

"நிழலா இருக்கும்மா."

"நிழல் மேல யாராச்சும் பாறாங்கல்லு ஏத்துவாங்களா பாக்?" சிரித்தாள். "ஒருவேளை எண்ணும்போது தூக்கம் வந்துடுச்சோ?"

அது அந்தப் பழைய பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு யாரோ கொடுத்த முட்டு, தற்காலிகமானது, எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் உடனே நம்பினாள்.

"அப்ப சரி. நேர்ல பாத்தா தெரிஞ்சிடப்போகுது. அப்படியே தப்பா இருந்தாலும் என்ன, அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுக்கலாம். சின்ன விஷயம்தானே."

சின்ன விஷயம். இந்தச் சொல்லைக் கவனியுங்கள். என் படத்தின் கீழே, எறும்பு அளவு எழுத்தில், என் பெயருக்குப் பக்கத்தில், 'பேராசிரியர் பாதி வீட்டைத்தான் அளந்தார்' என்று இவள் ஒரு வரி போடுவாளாம். மூன்று கால் தாங்கியில் ஒரு கருவியை வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவள். நான் கோபப்படுகிறவன் அல்ல. அன்று அவளுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன், லிஃப்ட் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பல் கடித்துக் கடித்துத் தாடை வலித்துக்கொண்டிருந்தது.

அவள் போவதற்கு முந்திய வாரம் நான் அந்த ஊருக்குப் போனேன். தெருவில் பன்றிகள்கூட என்னை அடையாளம் கண்டுகொண்டதுபோல் இருந்தது. எங்கள் தீவில் முதல் பிள்ளை பிறந்துவிட்டால் பெற்றவர்களை யாரும் அவர்கள் பெயரால் அழைப்பதில்லை, பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான். செர்லினின் தாய் இனா செர்லின், தகப்பன் அமா செர்லின்.

"வாங்க வாங்க, புத்தகத்துக்காரரு!" என்றாள் இனா செர்லின். "எங்க வீடு உலகம் பூரா போயிடுச்சாம். கூரை ஒழுகறது மட்டும் அதுல வரலியே, ஏன்?"

"அடுத்த புத்தகத்துல போடறேன் இனா."

"போடுங்க. பக்கெட்டையும் சேத்து வரைங்க."

வீட்டுக்கடியில் குனிந்து போய் அந்தக் காலைப் பார்த்தேன். முட்டு இல்லை. மற்ற எட்டுடன் பிறந்த ஒன்பதாவது. அதே மரம், அதே கருப்பு, உத்தரத்தில் அதற்கென்றே செதுக்கிய குழி. லாராஸ் ஒரு முறை பார்த்தால் போதும். கத்தியை எடுத்து, பட்டையோரம் மெத்தென்றிருந்த இடத்தில் குத்தித் திருகி, தூளை அமா செர்லினிடம் காட்டினேன். கரையான் என்றேன். விட்டால் உத்தரத்துக்கு ஏறிவிடும் என்றேன். கரையான் இல்லை. அவ்வளவு நல்ல மரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அமா செர்லின் தலையைச் சொறிந்தார். "எடுத்தா வீடு நிக்குமா பாக்?"

"இன்னும் எட்டு இருக்கே அமா."

"ம். வீட்டுக்குள்ள இருக்கிற எங்களைவிட வீட்டைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்."

மறுப்புச் சொன்னது இனா செர்லின் மட்டுமே. "அதுலதான் என் துணிக்கொடி கட்டியிருக்கு. எடுத்துட்டா என் ஈரத்துணியை உங்க தலையிலயா காயப்போடறது?"

நியாயமான கேள்வி. படிக்கட்டின் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டுக் கொடுத்தேன், நானே குழி தோண்டி, அடியில் கல் இறுக்கி. அவள் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, பேராசிரியருக்கு வேலையும் தெரியுது" என்றாள். பிறகு ஊர் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். முதலில் பாறைகளை இறக்க வேண்டும். எடை இருக்கும்வரை கால் அசையாது. அப்புறம் அடியில் நெம்பினால் தானாகக் கழன்று வரும். ஆணி கிடையாது. வந்தவர்களுக்குக் கள் வாங்கிக் கொடுத்தேன். காலைத் தார்ப்பாயில் சுற்றி ஊர்க் கொட்டகைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். லாராஸ் அளந்து முடித்துக் கிளம்பியதும் திரும்ப வைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். இரவல் வாங்கியதுபோலத்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

லாராஸ் வந்தாள், விதிப்படி அந்த வீட்டிலேயே தங்கினாள். இனா செர்லினுக்கும் அவளுக்கும் உடனே ஒத்துப்போய்விட்டது. சில நாளில் தொலைபேசியில் சொன்னாள்: "பாக், மன்னிச்சிடுங்க. நாலுதான் இருக்கு. உங்க படமும் என் அளவும் அச்சு அசலா ஒண்ணு. நீங்க தூங்கலை." சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம் மறுபடி அழைத்தாள். குரலில் சிரிப்பு இல்லை.

"பாக், ரெண்டு நாளா லேசா நிலம் ஆடுது. மத்த வீடெல்லாம் ஆடிட்டு நிக்குது. இந்த வீடு மட்டும் படிக்கட்டுப் பக்கமா சாஞ்சு, மெதுவாத்தான் திரும்புது. ஒரு மாதிரி முனகுது."

"மர வீடு பேசத்தான் செய்யும்மா."

"இன்னொண்ணு பாக். வலது பக்கம் ஒரு அடிக்கல் சும்மா கிடக்கு. மேல கால் இல்ல. கோழி உக்காந்திருக்கு. அதுக்கு நேரா உத்தரத்துல ஒரு குழி வேற. இனாகிட்ட கேக்கலாம்னு பாத்தா, அவங்க சந்தைக்குப் போயிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. நாங்க எல்லாரும் கொஞ்ச நாள் தேவாலயக் கூடத்துல போய்ப் படுத்துக்கட்டுமா?"

அந்த அழைப்பில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீடு எந்தப் பக்கம் விழும், எந்த மூட்டு முதலில் விடும், எவ்வளவு அசைந்தால் விடும். வகுப்பில் நான் நடத்தும் பாடம். 'வெளியே போங்கள்' என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி 'ஏன்' என்று வரும். அவள் அந்தக் கேள்வியை விடுகிறவள் அல்ல.

நான் சொன்னது இது: "விதி உனக்குத் தெரியும். வீட்டை விட்டு வெளியே தங்கினா நல்கை ரத்தாகும். அந்தக் குடும்பத்தையும் பயமுறுத்தாத. அவங்க வீடு அது. இனாகிட்ட எதையும் கேட்டுக் குழப்ப வேண்டாம், நானே வந்து பாக்கறேன்."

"சரி பாக்" என்றாள். மரியாதையான பெண்.

நான் போகவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் நிலம் ஆடியது. பெரிய ஆட்டம்கூட இல்லை. செர்லின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அமா செர்லின் ரப்பர் தோட்டத்தில். உள்ளே இனா செர்லினும் லாராஸும். வீடு படிக்கட்டுப் பக்கம் சாய்ந்தது, இந்த முறை திரும்பவில்லை. இருவரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. மற்ற வீடுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. நான் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது துணிக்கம்பம் ஒன்றுதான். செர்லினின் பள்ளிச் சீருடை அதில் காய்ந்துகொண்டிருந்தது. அமா செர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கரையான் உத்தரத்துக்கு ஏறிடுச்சு போல பாக், நீங்க அப்பவே சொன்னீங்க" என்றார்.

ஆகவே உங்கள் அறிக்கையிலிருந்து 'உளுத்த மரம்' என்பதை அடித்துவிடுங்கள். மரத்தில் குறை இல்லை, கட்டியவனிடம் குறை இல்லை. மற்ற வீடுகளைத் தொடாதீர்கள். கால் இன்னும் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாயில் இருக்கிறது, போய்த் தட்டிப் பாருங்கள், மணிபோல் ஒலிக்கும். லாராஸின் அளவுகள் அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்துவிட்டன. என் படத்தையும் அவள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்போகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு விலகவில்லை.

எட்டும் ஒன்பதும் ஒரே வீட்டில் எப்படிச் சரியாகும் என்று தொடக்கத்தில் கேட்டேன் அல்லவா? ஆகாது. அதனால் வலப்பக்கத்து ஐந்தாவது காலை எடுத்தேன். வீடு என் படத்திலிருந்து விலகியிருந்தது, அதைத் திருத்தினேன். இப்போது படத்தில் பிழை இல்லை.